எரிக் பார்க்காத பெனால்டி

மந்தைவெளி மார்க்கெட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்த எரிக்கைப் பின்னாலிருந்து ஒரு ஆள் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் பிளம்பர் சங்கரன். போன வருடம் எரிக் வீட்டுக் குழாயைச் சரிபண்ண மூன்று நாள் இழுத்தடித்த அதே சங்கரன்தான்.

“நைனா, நீ அந்தப் பெனால்டிய புடிச்ச பாரு, எங்கூட்டுல டிவி ஸ்டாண்டே சாஞ்சிட்ச்சி. அப்டி குதிச்சோம்.”

“தேங்க்ஸ்ண்ணா,” என்றான் எரிக்.

“தேங்க்ஸு கெடக்கட்டும். அவன் அந்தப் பக்கந்தான் அடிப்பான்னு உனக்கு எப்டி தெரிஞ்சிது? அத்த சொல்லு மொதல்ல.”

எரிக் சிரித்து வைத்தான். அடக்கமான பையன் என்று சங்கரன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடக்கமாவது ஒன்றாவது. எரிக்குக்கு அந்தப் பெனால்டியைப் பற்றி நிஜமாகவே ஒன்றும் தெரியாது. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம் அது. சாந்தோமிலிருந்து மந்தைவெளி வரைக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அவனைத் தவிர.

நடந்தது இதுதான். எரிக் கோல்கீப்பராக இருக்கும் கிளப், மேல் டிவிஷனுக்குப் போகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கடைசி மேட்ச். சென்னையிலேயே நடந்தது. அவன் போகும் சர்ச் பங்கிலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனங்கள் போயிருந்தார்கள். இரண்டாம் பாதியில் எதிர் அணிக்கு ஒரு கார்னர். பந்தைக் குத்தித் தள்ள எரிக் வெளியே வந்து எம்பினான். எதிரே எம்பியவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் வந்து இடித்தது. விழுந்தான், எழுந்தான். ஓடிவந்த பிசியோ என்னென்னவோ கேட்க, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னானாம். மேட்ச் கோலே இல்லாமல் முடிந்து, பெனால்டிக்குப் போய், எதிர் அணியின் கடைசி அடியை எரிக் பாய்ந்து தடுத்தான். கிளப் மேலே போய்விட்டது.

‘சொன்னானாம்’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எரிக்குக்கு இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம், பையன்கள் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமில் ஆடியது. தோளில் உட்கார்ந்தபடியே, “ஸ்கோர் இன்னா?” என்று கேட்டிருக்கிறான். நல்ல ஜோக்கு என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எரிக்கும் சேர்ந்து சிரித்தான். நிஜமாகவே அவனுக்கு ஸ்கோர் தெரியவில்லை.

நடுவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அது எங்கே போயிற்று? இருட்டாக இருந்தாலாவது இருட்டாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுகூட இல்லை. ஆரஞ்சுச் சுளைக்கும் தோளுக்கும் இடையில் எதுவுமே இல்லை.

சரி, பார்த்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இடது பக்கம் பாய்ந்தாய் என்றார் ஒருவர். பாயவே இல்லை, காலால் தட்டினாய் என்றார் இன்னொருவர். அவன் அம்மா ஃப்ளோரன்ஸ், ஓய்வுபெற்ற டீச்சர், பந்து வருவதற்கு முன் மகன் சிலுவை போட்டுக்கொண்டதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். எரிக் மைதானத்தில் சிலுவை போடுகிற வழக்கமே கிடையாது. கடைசியில் போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். தன் சட்டையைப் போட்டுக்கொண்ட எவனோ ஒருத்தன் கோடு மேல் நிற்கிறான். அலட்டிக்கொள்ளாமல் வலது பக்கம் விழுந்து பந்தை ஒரு கையால் வெளியே தள்ளுகிறான். எவ்வளவு சுத்தமான வேலை! எரிக்குக்கு அவன்மேல் பொறாமையே வந்துவிட்டது.

கோல்கீப்பர் என்பது ஒரு விசித்திரமான உத்தியோகம். மற்ற ஆட்டக்காரனுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் கடைசிப் பத்து நிமிஷம் ஓடிவிட்டு வா என்று உள்ளே விடுவார்கள். கீப்பருக்கு அதெல்லாம் கிடையாது. இருப்பது ஒரே இடம். அதில் ஒருவன் நின்றால் இன்னொருவன் உட்கார வேண்டும். எரிக் உட்கார்ந்தவன்.

அவன் கீப்பரானதே ஒரு சுவரால்தான். பங்குப் பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு பக்கம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, வீட்டில் ஒரு நாய். பந்து தாண்டிப் போனால் சுவருக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் போய் எடுத்து வரவேண்டும் என்பது பையன்களுக்குள் சட்டம். எரிக் மெதுவாக ஓடுகிறவன் என்பதால் அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். நாய்க்குப் பயந்தே பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் பள்ளிக்கூட டீம், அப்புறம் சென்னை லீக்கில் ஒரு ஆபீஸ் டீம், அங்கிருந்து சம்பளம் கொடுக்கும் இந்தக் கிளப்.

கிளப்பில் சேர்ந்ததிலிருந்து பெஞ்சுதான். கோவா, கொல்கத்தா, கோழிக்கோடு, ஐஸ்வால் என்று ஊர் ஊராகப் போனான். எல்லா ஊரிலும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தான். ஒன்பது சீசன். ‘இன்னைக்கு ஆடினியா’ என்று கேட்பதை ஃப்ளோரன்ஸ் நான்காவது வருடமே நிறுத்திவிட்டாள். இந்த வருடம் முதல் கீப்பர் அயானுக்கு விரல் உடைந்ததால்தான் எரிக்குக்கு அந்த இடம் கிடைத்தது. ஒருத்தன் விரல் உடைந்ததற்குச் சந்தோஷப்படலாமா என்று பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்டுவிட்டு வந்தான். அப்படிக் கிடைத்த இடத்தை, தலையில் ஒரு இடி பட்டதற்காக விட்டுவிட்டு வெளியே வருவானா? பிசியோவிடம் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னது எரிக்குக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பான் என்பதில் அவனுக்கே சந்தேகம் இல்லை.

மேட்ச் முடிந்து சில வாரங்களில் கிளப் மேனேஜர் ஹபீபுர் ரஹ்மான் போன் பண்ணினார். “எரிக், அயான் வேற கிளப்புக்குப் போறான். அடுத்த சீசன் மேல் டிவிஷன்ல நீதான் ஃபர்ஸ்ட் கீப்பர். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். டாக்டர் ஓகே சொன்னா மட்டும் போதும்.”

எரிக் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். எதற்குப் போனோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றான். அவன் மனைவி ஜொவிட்டா திரும்பிப் பார்த்தாள்.

இப்படி நிற்பது அவனுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. பால் வாங்கப் போய் பாலில்லாமல் வந்தான். ஒரு நாள் மந்தைவெளியில் இறங்கவேண்டியவன் ரயிலில் அப்படியே உட்கார்ந்து திருவான்மியூரில் முழித்தான். மாலையானால் தலைக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல ஒரு வலி. ஆனால் யார்தான் மறக்கவில்லை? சங்கரன் குழாய் வேலையை மூன்று நாள் மறக்கவில்லையா? ஃப்ளோரன்ஸ் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடவில்லையா? இதெல்லாம் அடியால் வந்ததா, இல்லை முப்பத்திமூன்று வயதில் எல்லோருக்கும் வருவதா என்று எரிக்குக்குப் புரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஜொவிட்டாவுக்கு இதில் குழப்பமே இல்லை. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர் அவள். ஒரு பையன் கரும்பலகையைப் பார்க்கிற விதத்திலேயே அவனுக்குக் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள்.

“வேணாம் எரிக். விட்டுடு. பசங்களுக்குக் கோச்சிங் குடுத்து இருந்துக்கலாம்,” என்றாள்.

“ஒம்போது வருஷம் ஒக்காந்துட்டு, நிக்கச் சொல்றப்போ எப்டி ஜொவி விடறது?”

பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சரி. டாக்டர்கிட்ட போவோம். ஆடலாம்னு அவங்க சொன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். கூடாதுன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்,” என்றான் எரிக். சொன்ன பிறகுதான் டாக்டர் வைக்கும் பரீட்சை ஞாபகத்துக்கு வந்தது.

ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் கிளப் டாக்டர் ஆள் ஆளாக உட்காரவைத்து ஒரு பரீட்சை நடத்துவார். பத்து வார்த்தை சொல்வார், தடவைக்குத் தடவை வேறு வார்த்தைகள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதற்கு மார்க் போட்டு வைத்துக்கொள்வார். நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைத்து, மார்க் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். குறைந்தால் உட்கார வேண்டியதுதான். டாக்டர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆட்டக்காரன் அதற்கு மேல் யோசிப்பான். முதல் பரீட்சையிலேயே கொஞ்சம் மக்குபோல நடித்துவிடுவது! அப்புறம் தலையில் என்ன விழுந்தாலும் மார்க் குறையாது அல்லவா? சேர்ந்த முதல் நாளே பழைய ஆட்டக்காரர்கள் புதுசுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஷூ லேஸ் கட்டுவதையல்ல, இதைத்தான்.

எரிக்கும் வருடா வருடம் நடித்தான். இந்தச் சீசன் ஆரம்பத்திலும் நடித்தான். ஜொவிட்டா பாவம், டாக்டரின் பரீட்சையைத் தராசு என்று நம்பிக்கொண்டிருந்தாள். தராசில் கல்லை ஒட்டி வைத்திருப்பது எரிக்குக்கு மட்டும்தான் தெரியும்.

கிளப் டாக்டர் அனுப்ரியா நிதானமான பெண். அவர் அறை அடையாறில் இருந்தது. உள்ளே போகும் முன்பே ஒரு முடிவு செய்திருந்தான்: இந்த முறை நடிப்பு கிடையாது, உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டும். பத்துக்குப் பத்து வார்த்தையும் சொல்லிவிட்டால் தலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது போதும். டாக்டருக்காக இல்லை, தனக்காக.

டாக்டர் வார்த்தைகளைச் சொன்னார். எரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் பிடித்தான். நடுவில் மாதங்களைத் தலைகீழாகச் சொன்னான். ஆகஸ்டில் ஒரு தடுமாற்றம், சமாளித்துவிட்டான். ஒற்றைக் காலில் நின்றான். “இப்ப அந்த வார்த்தைகளைச் சொல்லுங்க,” என்றார் டாக்டர். எரிக் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மேஜையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். அவ்வளவுதான், வரவில்லை.

ஜொவிட்டாவையும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். “ஸ்கேன் சுத்தமா இருக்கு. டெஸ்ட்டும் சீசன் ஆரம்பத்துல எப்படிப் பண்ணியிருந்தாரோ அப்படியே பண்ணியிருக்கார். அப்பவும் ஆறு வார்த்தை, இப்பவும் ஆறு வார்த்தை. மாற்றமே இல்ல. தலைவலி மாதிரி ஏதாவது தொந்தரவு இருக்கா?”

“இல்ல டாக்டர்,” என்றான் எரிக். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

“அப்ப ஆடறதுக்கு என் பக்கத்துலேருந்து தடை இல்ல.”

ஜொவிட்டா அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்தது. வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஜூஸ் குடிக்கலாமா?” என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்பதுபோலக் கேட்டாள். எரிக் சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சிக்கொண்டு சாலையைப் பார்த்தான். நடித்து வாங்கிய மார்க்கும் உயிரைக் கொடுத்து வாங்கிய மார்க்கும் ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம்? அர்த்தம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பயத்தில் மறந்திருக்கலாமே? நல்ல தலையோடு இருக்கிறவன்கூட டாக்டர் எதிரே திணறுவதில்லையா? சீசன் ஆரம்பத்தில் ஒழுங்காகச் செய்திருந்தால் பத்தும் வந்திருக்கும் என்பதற்குத்தான் என்ன ருசு? அவன் உண்மையான மார்க் எவ்வளவு என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கெடுத்தது யார்? அவனேதான். தன்மேலேயே அவனுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய், பழைய ஆபீஸ் டீம் நண்பன் வில்லியமைப் பந்தடிக்கச் சொன்னான். வில்லியம் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். தொப்பை போட்டுவிட்டாலும் கால் இன்னும் காலாகவே இருந்தது. செருப்பை இரண்டு பக்கமும் வைத்துக் கோல் போஸ்ட் ஆக்கிக்கொண்டார்கள். வில்லியம் ஓங்கி ஓங்கி அடித்தான். எரிக் இடதும் வலதும் விழுந்து புரண்டான். பந்து கைக்குள்ளேயே வந்து வந்து உட்கார்ந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“உனக்கு இன்னா மச்சி, கல்லு மாதிரி கீற. எவன் சொன்னான் உனக்கு ஒடம்பு சரியில்லன்னு?”

எரிக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கைக்கு எல்லாம் தெரிகிறது. தலை கொஞ்சம் பின்தங்கினால் என்ன குடி முழுகிவிடும்? மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சந்தோஷமாக, “அம்மா எப்டி கீறாங்கடா?” என்று கேட்டான்.

“டேய், இத்தோட மூணாவது தபா கேக்குற. கலாய்க்கிறியா?” என்று வில்லியம் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

எரிக்கும் சிரித்தான். டிரெஸ்ஸிங் ரூமில் சிரித்த அதே சிரிப்புத்தான். முன்னால் எப்போது கேட்டோம் என்று பட்டினப்பாக்கத்திலிருந்து வீடு வரைக்கும் தேடிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் ஹபீபுர் ரஹ்மான் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இனிப்புப் பெட்டி, கான்ட்ராக்ட் காகிதம். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். இடது முழங்காலைக் கொஞ்சம் நீட்டி வைத்துத்தான் உட்காருவார். ஜொவிட்டா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“ஒன்பது வருஷம் பொறுமையா இருந்தாரும்மா உங்க வீட்டுக்காரர். வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ ஓடியிருப்பான்,” என்றார் ரஹ்மான்.

“தெரியும் சார். கூடவே நானும்தான இருந்தேன்,” என்று சொல்லி ஜொவிட்டா சிரித்தாள். அலமாரியில் தேடிப்பிடித்து ஒரு பேனாவையும் அவளே கொண்டுவந்தாள். “போடு எரிக். டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே எனக்கு பயம் இல்ல.”

எரிக் பேனாவை வாங்கினான். காகிதத்தில் தன் பெயரும் அதன் பக்கத்தில் கோல்கீப்பர் என்ற வார்த்தையும் இருந்தன. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்த ரகசியம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆட்டக்காரர்கள். ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். அவனுக்கு ஆட வேண்டும். அந்த வலைக்கு முன்னால், ஜனங்கள் கத்தும்போது, முழு நினைவோடு ஒரே ஒரு பெனால்டியையாவது பிடித்துப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து ஜொவிட்டாவைப் பார்த்தான். அவள் இனிப்புப் பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஜொவி, சீசன் ஆரம்பத்துல அந்த டெஸ்ட்ல நான் வேணும்னே தப்பா சொன்னேன்.”

அவளுக்குப் புரியவில்லை. பார்த்து எழுதுகிற பிள்ளைகளை அவள் நிறையப் பிடித்திருக்கிறாள்; வேண்டுமென்றே ஃபெயில் ஆகிற பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை. “எதுக்கு?” என்றாள்.

“அடிபட்டா மார்க் கொறையக்கூடாதுன்னு. எல்லாரும் அப்டித்தான் செய்வோம்.”

ரஹ்மான் டீ கிளாஸைப் பார்த்தபடி, “எங்க காலத்துலேயும் உண்டு,” என்று முணுமுணுத்தார்.

ஜொவிட்டா நூலைக் கீழே வைத்தாள். “அப்ப அன்னைக்கு உனக்குப் பத்து வார்த்தையும் தெரிஞ்சிருந்துதா?”

“தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கறேன். நாலு வார்த்தைய வேணும்னே விட்டேன். பட்டாணி, கயிறு, கோபுரம், மெழுகுவத்தி. இப்பகூட ஞாபகம் இருக்குது பாரு.”

“இந்த வாட்டி?”

“இந்த வாட்டி நெஜமாவே எல்லாத்தையும் சொல்லணும்னுதான் ஒக்காந்தேன் ஜொவி. சாமி சத்தியமா.”

“நாலு விட்டுருக்க.”

“ஆமா.”

“எந்த நாலு?”

எரிக் யோசித்தான். மேஜையைப் பார்த்தான். ரஹ்மானைப் பார்த்தான், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்பதுபோல. டாக்டரின் குரல் ஞாபகம் இருந்தது, அந்த அறை ஞாபகம் இருந்தது, ஜூஸின் ருசிகூட ஞாபகம் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

“தெரியலையே ஜொவி,” என்றான்.

அவள் எழுந்து வந்து அவன் விரல்களைப் பிரித்துப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.